விழுப்புண்ணும் விழியறியாப் புண்ணும்

புறத்திணை பயிற்றுவிக்கும்போதெல்லாம் விழுப்புண்ணைப் பற்றிப் பெருமிதத்துடன் பேசுவது நம் வழக்கம். மார்பில் ஏற்ற புண் புகழ். முதுகில் பட்ட புண் பழி. இவ்விரண்டையும் விளக்கிவிட்டால் மறப்பண்பு முழுவதையும் விளக்கிவிட்டதாகவே பல்லாண்டுகள் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, உடலில் எங்கும் புண்படாமல் திரும்பியும் உறங்க முடியாதவரை எந்தத் துறையில் சேர்ப்பது?" என வினவினார். வகுப்பு நகைத்தது. "வீரனுக்கு ஏது அச்சம்?" என்று கூறி அவரை அமரச் செய்தோம். அவருடைய தந்தை 1999-ஆம் ஆண்டுக் கார்கில் போரிலிருந்து திரும்பியவர் என்பதையும், இரவெல்லாம் வாசற்கதவருகே நாற்காலியிட்டு அமர்ந்திருப்பவர் என்பதையும் அன்று மாலை மற்றொரு மாணவர் கூற அறிந்தோம். அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை.

விடை தேடி நூலகம் புகுந்தோம். முதல் உலகப் போரில், காயம் ஏதுமின்றியே நடுங்கினோரும் பேச்சிழந்தோரும் பல்லாயிரவர். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்பார் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்நிலையை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்று குறித்தார். வெடிப்பின் அதிர்வே காரணம் என முதலில் கருதினர். ஆயின் வெடிப்பின் அருகே செல்லாதாரும் அவ்வாறே துன்புற்றனர். அதே போரில் படையை விட்டோடியமை, கோழைமை முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டு பிரித்தானியப் படையினர் 306 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இந்நோயுற்றோரும் இருந்தனர். அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டதோ 2006-இல்தான்.

எடின்பரோ நகரின் கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ரிவர்ஸ், "மறந்துவிடு" என்று நோயாளரிடம் கூறவில்லை. பேசச் செய்து செவிமடுத்தார். 1917-இல் கவிஞர் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றார். இந்த ரிவர்ஸ்தான் 1901, 1902 ஆம் ஆண்டுகளில் நம் நீலகிரிக்கு வந்து, தோடர்களின் வாழ்வைக் கேட்டறிந்து, 1906-இல் பெருநூல் வெளியிட்டவர் என்பதறிந்து வியந்தோம்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பியோரின் துயருக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனை முறைப்படி நோயாக ஏற்றது. கண்ட காட்சி கனவில் மீள்தல், அதை நினைவூட்டுவனவற்றை விலக்குதல், ஓயாத விழிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். வாசற்கதவருகே கிடந்த நாற்காலியின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அது கோழையின் இருக்கையன்று, முடியாத காவல்.

மறுவாரம் அம்மாணவரை அழைத்து, வகுப்பார் முன்னிலையிலேயே நம் பிழையை ஒப்புக்கொண்டோம். "அத்தா எதுவும் சொல்வதில்லை ஐயா, நாங்களும் கேட்டதில்லை" என்றார் அவர். கேட்க வேண்டியவர்கள் நாம் அனைவரும் அல்லவா?

மனநல மருத்துவரை நாடுவது வீரத்துக்கு இழுக்கன்று, ஈமானுக்குக் குறைவுமன்று. இதனை நம் பெரியோர் தத்தம் மஹல்லாவில் எடுத்துரைப்பாராக. இப்போதும் விழுப்புண் பாடம் நடத்துகிறோம். நடத்தி முடித்ததும் அம்மாணவரின் வினாவையும் கரும்பலகையில் எழுதுகிறோம். எவரும் நகைப்பதில்லை. உறக்கமிழந்தோர்க்கு வல்ல அல்லாஹ் அமைதியை அருள்வானாக! ஆமீன்.