எத்தனையாவது சுற்றில்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பந்தயத் தடத்தில் இத்தனை நிமிடத்தில் ஒரு சுற்று ஓடியது என்று யாராவது சொன்னால், நான் முதலில் டயரைப் பற்றித்தான் கேட்பேன். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2307 என்றிருந்தால் அது 2007ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். வெட்டு ஆழமாகத்தான் இருக்கும், பார்வைக்குப் புதுசு மாதிரித்தான் தெரியும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியாது. றப்பர் இறுகிவிட்டது. இந்த டயரோடு ஓடிய காரையும் போன வருடத்து டயரோடு ஓடிய அதே காரையும் வைத்துப் பார்த்தால், இரண்டும் வேறு வேறு கொம்பனிக் கார்கள் என்றுதான் நேரக் கணக்கு சொல்லும்.

சாய்ந்தமருதில், கல்முனை–அக்கரைப்பற்று வீதியோரம் என் கராஜ். கேடிஎச் வேன், ஆட்டோ, போகம் வந்தால் நெல் வெட்டும் மெஷின், இவைதான் இப்போது என் சோறு. அதற்கு முன் பல வருடம் துபாயில், அல் கூஸ் பகுதிக் கராஜ் ஒன்றில் இருந்தேன். அங்கே வேலை, பணக்காரர்களின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை துபாய் ஒட்டோட்ரோமில் ஓட விடுவதற்குத் தயார் பண்ணுவது. 2004இல் திறந்த தடம். முழுச் சுற்று 5.39 கிலோமீற்றர். குளிர் மாதங்களில் சொந்தக் காரைக் கொண்டுவந்து காசு கட்டி ஓடலாம். காருக்குச் சொந்தக்காரர் ஓடுவார், நான் தடத்தின் ஓரத்தில் டயர்க் காற்று அளக்கும் மீற்றரோடு நிற்பேன்.

இது ஊருக்குத் தெரிந்த விசயம். அதனால் மஃரிபுக்குப் பிறகு பொடியன்மார் போனைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "காக்கா, ஆர் 32 வேகமா, எஸ் 2000 வேகமா? ஒண்டைச் சொல்லுங்களன்."

"எத்தனையாவது சுற்றில எண்டு கேளு, சொல்றேன்" என்பேன். அதோடு அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள்.

காகிதத்தில் இருக்கிற எண்களை நம்பி ஒப்பிட முடியாது என்பதற்கு ஜப்பான்காரரே சாட்சி. ஜப்பான் கொம்பனிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன: 280 குதிரைவலுவுக்கு மேல் விளம்பரத்தில் போடுவதில்லை. 1989இல் வந்த ஆர் 32 வகை நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும் 280, டொயோட்டா சுப்ராவுக்கும் 280, ஹொண்டா என்எஸ்எக்ஸுக்கும் 280. 2004 வரை இந்தக் கதை நடந்தது. ஆக, தொண்ணூறுகளின் காரொன்றை விவரப் புத்தகத்தை வைத்து எடை போடுகிறவர் காரை எடை போடவில்லை, ஒரு மரியாதையை எடை போடுகிறார்.

தடத்து நேரமாவது உண்மை பேசுமா? ஜேர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஆர் 32 ஜிடி-ஆர் 8 நிமிடம் 20 விநாடியில் சுற்றியது என்றும், அடுத்து வந்த ஆர் 33 அதை 7 நிமிடம் 59 விநாடிக்குக் கொண்டுவந்தது என்றும் சொன்னார்கள். அந்த 21 விநாடியை வைத்தே நிசான் விளம்பரம் செய்தது. அந்தக் கார் கடையில் விற்ற கார்தானா என்று அன்றிலிருந்து இன்றுவரை வாதம் நடக்கிறது. அதை விடுங்கள். அதே தடத்தில் 2019 வரை கொம்பனிகள் வழமையாக அளந்தது 20.6 கிலோமீற்றர். முழுச் சுற்றோ 20.832. பார்வையாளர் மேடைக்கு முன்னால் உள்ள நேர்ப் பகுதியில் ஒரு துண்டை விட்டுவிட்டு அளந்தார்கள். பழைய நேரத்தையும் புது நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை பிடிக்கிற எத்தனை பேர் இந்த இருநூற்றுச் சொச்சம் மீற்றரைக் கழிக்கிறார்கள்?

இனி என் கண்ணால் கண்டதுக்கு வருகிறேன். ஒரு பக்கம் ஆர் 32 ஜிடி-ஆர்: இரட்டை டர்போ, நான்கு சக்கர இழுவை, எடை 1430 கிலோ. மறுபக்கம் மஸ்டாவின் சின்ன ரோட்ஸ்டர், எம்எக்ஸ்-5 என்று மேற்கே விற்ற கார்: அதுவும் 1989இல் வந்ததுதான், 1.6 லீட்டர் எஞ்சின், எடை 940 கிலோ, 14 அங்குலச் சக்கரம். காகிதத்தில் இவற்றை ஒப்பிடுவதே வெட்கம். தடத்திலும் முதல் இரண்டு மூன்று சுற்றில் வெட்கம்தான். நேர் பாதையில் ஜிடி-ஆர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும்.

ஆனால் நேர் பாதை முடிகிற இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். ஜிடி-ஆர் 200 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 80க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு சேர்த்து 1510 கிலோ. அந்த ஒரு தடவை பிரேக் பிடிப்பதில் பிறக்கிற வெப்பத்தால் நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஆறரை லீட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ரோட்ஸ்டர் அந்த இடத்துக்கு 160இல்தான் வந்து சேரும். அதன் வெப்பம் இரண்டரை லீட்டருக்குத்தான் காணும். பள்ளிக்கூடத்தில் படித்த அரை எம் வி வர்க்கம்தான், வேறொன்றும் இல்லை. வேகம் வர்க்கமாகிக் கணக்கில் ஏறுவதால் எடையைவிட வேகம்தான் பிரேக்கைத் தின்கிறது. இது ஒரு வளைவுக்கு. ஒரு சுற்றில் எத்தனை வளைவு, எத்தனை சுற்று என்று பெருக்கிப் பாருங்கள்.

கொம்பனி பிரேக்கோடு வந்த ஜிடி-ஆர் என்றால் ஐந்தாறு சுற்றுக்குள் ஓட்டுநரின் கால் அடையாளம் காட்டும். பெடல் நீளும். அவர் பத்து மீற்றர் முன்னாலேயே பிரேக் பிடிக்கத் தொடங்குவார், மறுகா இருபது மீற்றர். எஞ்சினுக்குள் போகும் காற்றும் சூடாகும், டர்போ காரின் இழுவை குறையும். ரோட்ஸ்டர் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருக்கும், எட்டாவது சுற்றும் மூன்றாவது சுற்றும் ஒரே நேரம். ஜிடி-ஆர் தோற்றுவிடாது. இடைவெளி உருகும், அவ்வளவுதான். "ஆர் 32" என்று ஒரே காரைச் சொல்வதுபோல் சொல்கிறோமே, அதுவும் சரியில்லை. 1993இல் வி-ஸ்பெக் என்ற வகைக்கு பிரெம்போவின் பெரிய பிரேக்கையும் 17 அங்குலச் சக்கரத்தையும் கொடுத்தார்கள். அதோடு இந்தக் கதையே மாறிவிடும்.

பிரேக் ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை. டிஓடி 4 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155தான். இந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலைப் பார்த்த வீட்டில் நிற்கிற கார் எதுவானாலும், மூடியைத் திறந்து பார்த்தால் ஒயில் தேயிலைச் சாயத்தில் இருக்கும். இந்த ஒயிலோடு பெரிய தடத்தில் ஓடினால் ரோட்ஸ்டரும் தாங்காது.

இரண்டு காரை ஒப்பிடச் சொன்னால் நான் செய்கிற முறை இதுதான். ஒரே நாள், ஒரே ஓட்டுநர், ஒரே வகை டயர், காற்றழுத்தத்தைச் சூடான பிறகு சரிபார்த்தது. முதல் காரை ஓட்டு, இரண்டாவதை ஓட்டு, திரும்பவும் முதல் காரை ஓட்டு. முதல் காரின் இரண்டு ஓட்டத்துக்கு நடுவிலேயே ஒரு விநாடி வித்தியாசம் வந்துவிட்டால், இரண்டு காருக்கு நடுவில் அரை விநாடி இருப்பதாகச் சொல்வதில் ஒரு பொருளும் இல்லை. தடம் மாறியிருக்கிறது, அல்லது ஓட்டுநருக்குப் பாதை பழகியிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் பலர் அந்த மூன்றாவது ஓட்டத்துக்கு நேரம் ஒதுக்குவதில்லை. அதோடு, மிகச் சிறந்த ஒரு சுற்றை நான் எடுப்பதில்லை. அது பெருநாள் உடுப்பு. நடுவில் வருகிற சுற்றுகள்தான் காரின் அன்றாட உடுப்பு.

ஜிபிஎஸ் பெட்டி வந்த பிறகு நேரத்தைவிட நான் பார்ப்பது, வளைவின் உள்ளே கார் எவ்வளவு வேகம்வரை இறங்குகிறது என்பதை. காரின் குறை நேர் பாதையில் எஞ்சின் வலுவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், வளைவில் ஒளிய முடியாது. 1999இல் வந்த ஹொண்டா எஸ் 2000 இதற்கு நல்ல உதாரணம். இரண்டு லீட்டர், டர்போ இல்லை, எஞ்சின் 9000 சுழற்சி வரை போகும். முன்னுக்கும் பின்னுக்கும் எடை சரிபாதி. ஆனால் முதல் வருடங்களில் வந்தவற்றில், பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின் சக்கரத்தின் திசையும் கொஞ்சம் மாறும். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் வால் சட்டென்று வெளியே போகும். 2004 மொடலில் ஹொண்டாவே அதை மென்மையாக்கியது. எஞ்சின் பின்னால் தொங்குகிற பழைய போர்ஷே 911உம் காலை எடுத்தால் வாலைக் காட்டும் கார்தான். 1993இல் வந்த 993 வகையில் பின் சஸ்பென்ஷனைப் புதிதாக வடிவமைத்த பிறகுதான் அது கொஞ்சம் அடங்கியது. இந்தக் கார்களில் திறமையான ஓட்டுநருக்கும் சாதாரண ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. ஜிடி-ஆரில் அது சின்னது. எந்தக் கார் வேகம் என்ற கேள்விக்குள் "யாருக்கு" என்பதும் ஒளிந்திருக்கிறது.

நம் நாட்டில் இது இன்னும் சிக்கல். ஒரே காரைக் கொண்டுபோய் மூன்று வேறு உலகத்தில் விடுகிறோம். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் ஓடுவது இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷார் போட்ட விமான ஓடுபாதையில். தியத்தலாவை பொக்ஸ்ஹில்லில் ஓடுவது மண்ணில். 2024 ஏப்ரல் 21இல் அங்கே ஒரு கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் மௌத்தான துயரத்தை யாரும் மறக்கவில்லை. நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1934 முதல் நடக்கிற மலையேற்றப் போட்டியோ ஏறக்குறைய 6000 அடி உயரத்தில். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்தப் பங்கை அப்படியே இழக்கும். டர்போ உள்ளது பெரும்பகுதியை அமுக்கி எடுத்துக்கொள்ளும். கட்டுக்குருந்தையில் டர்போ உள்ள லான்சர் எவோவின் காலைப் பிடித்துக்கொண்டு வந்த டர்போ இல்லாத ஹொண்டா, மகாகஸ்தோட்டையில் அதைக் கண்ணாலும் காணாமல் போனால் ஹொண்டாக்காரரைப் பழிக்கக் கூடாது. எண்ணெயும் ஒரு காரணம். ஜப்பானில் இந்தக் கார்கள் 100 ஒக்டேன் பெற்றோலுக்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை. நம் பெற்றோல் செட்டில் வழமையாக இருப்பது 92உம் 95உம். எஞ்சின் தட்டத் தொடங்கினால் கணினி பற்றவைப்பைப் பின்தள்ளும், அதோடு வலு போகும்.

இன்னொன்று. முப்பது வருடத்துக்கு முந்திய கார் முப்பது வருடத்துக்கு முந்திய காராக இப்போது இல்லை. றப்பர் புஷ் வெடித்திருக்கும், சொக் அப்சோபர் பெயருக்கு இருக்கும், எஞ்சின் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஹாஃப் கட்டிலிருந்து, அதாவது பாதியாக வெட்டிய காரிலிருந்து, வந்திருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் இருக்கிற கார்களையே கழற்றி இருக்கிற கார்களுக்கே பூட்டினோம். ஒரு காரின் வயிற்றுக்குள் மூன்று காரின் உறுப்பு. அதன் சுற்று நேரத்தை எந்தக் காரின் பெயரில் எழுதுவது? என்னிடம் வருகிறவர்கள் டர்போவை மாற்றச் சொல்வார்கள். புஷ்ஷை மாற்றலாம் என்று நான் சொன்னால், அதற்கு வேறு கராஜ் பார்ப்பார்கள். புஷ் கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது. அதை மாற்றினேன் என்று சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

பழைய கார்களின் ஒப்பீட்டை நேராகப் பார்க்க வேண்டுமென்றால் எவோக்களும் இம்ப்ரெஸாக்களும் ஓடுகிற பெரிய போட்டிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நம் நாட்டுப் போட்டிகளில் போர்ட் லேசர், மஸ்டா 1300 என்று ஒரு வகுப்பு ஓடும். வீட்டுக் கார்கள்தான், ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு, ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வலுவால் ஒருவர் மற்றவரைத் தாண்ட முடியாது. ஒரு வளைவில் யார் இரண்டு மீற்றர் பிந்திப் பிரேக் பிடித்தார், யாருடைய முன் டயர் அரைவாசியில் செத்தது, யாருடைய மெக்கானிக் சக்கரச் சாய்வைச் சரியாக வைத்தான், எல்லாம் அங்கே வெளியே தெரியும். எங்கள் பொடியன்மார் அந்த நேரம் பார்த்துத்தான் கொத்துரொட்டி வாங்க எழும்பிப் போகிறார்கள்.