தோட்டனூத்து வீடுகள்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் பக்கம் போனால் மலைக்கோட்டை முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வரும். புளியமரங்கள், தென்னந்தோப்பு, நடுநடுவே தரிசு. தோட்டனூத்து அந்தப் பக்கம்தான். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு 2022 செப்டம்பரில் இங்கே 321 வீடுகளைத் தமிழக அரசு கட்டிக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டே ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் போய் ‘மறுவாழ்வு முகாம்’ ஆகியிருந்தது.

பேருந்தில் ஒரு பழைய கடிதம் மனதில் ஓடியது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோனியர்கள் எருசலேமிலிருந்து யூதர்களைச் சிறைபிடித்துப் போனார்கள். சீக்கிரமே ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பினார். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த நகரம் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அடிமைப்பட்டவனிடம் இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

கி.மு. 538 வாக்கில் பாரசீக மன்னன் சைரஸ் திரும்பிப்போக அனுமதி தந்தான். பலர் போனார்கள், பலர் பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள். பல நூற்றாண்டுகள் கழித்துப் பாபிலோனிய தால்முத் பிறந்தது அங்கேதான். கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள், 1492இல் ஸ்பெயின் விரட்டியது. எங்கே போய் விழுந்தாலும் எருசலேமின் திசை பார்த்தே தொழுதார்கள். நின்ற மண்ணில் வேர் விட்டதால் அந்த ஏக்கம் பொய்யாகிவிடவில்லை.

திண்டுக்கல் சீமைக்கும் அடைக்கலம் கொடுத்த பழக்கம் உண்டு. 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் விருப்பாச்சியில் கோபால நாயக்கரிடம் வந்து தங்கினார். 1780இல் சிவகங்கையை மீட்டார். அப்படித் திரும்ப வாய்ப்பது எத்தனை பேருக்கு?

தோட்டனூத்தில் ஒரு வீட்டு வாசலில் முருங்கை நட்டிருந்தார்கள். உள்ளே சொதி கொதித்துக்கொண்டிருந்தது. வெளிர்மஞ்சள் தேங்காய்ப்பால், கீறிய பச்சைமிளகாய், கறிவேப்பிலை. “இறக்கினாப் பிறகுதான் தேசிக்காய் விட வேணும், இல்லாட்டித் திரைஞ்சு போகும்” என்றார் அந்த அம்மா. எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன்.

“தொண்ணூறில வந்தனாங்கள், தம்பி. மன்னாரிலயிருந்து படகு. மண்டபத்தில வச்சிருந்து, பிறகு இஞ்ச கொண்டுவந்து விட்டவை.”

திரும்பிப் போகிற எண்ணம் உண்டா?

“ஆசை இல்லாமலோ? ஆனா அங்க ஆர் இருக்கினம்?”

பக்கத்தில் நின்ற மகள் 1991இல் முகாமில் பிறந்தவர். பேச்சு முழுக்கத் திண்டுக்கல் பேச்சு. “நர்சிங் முடிச்சேன் சார். கூடப் படிச்சவங்க சவுதி, துபாய்னு போயிட்டாங்க. எனக்கு பாஸ்போர்ட் கெடையாது.” அவர் மகன் ஏழாம் வகுப்பு, மன்னாரைப் பாட்டி சொல்லித்தான் அறிவான்.

எரேமியா சொன்ன எல்லாவற்றையும் இவர்கள் செய்துவிட்டார்கள். வீடு இருக்கிறது, மரம் நட்டாயிற்று, பிள்ளைகள் படிக்கிறார்கள், பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் ஊரெல்லாம் போகிறார்கள். குடியுரிமை மட்டும் வரவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைவரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 தேர்தலில் வாக்களித்தார். எனக்கு அந்தச் செய்தி பெரும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் தோட்டனூத்து மகளுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஐந்தாண்டு தள்ளிப் பிறந்தது அவர் குற்றமா?

இதை நீதிமன்றம் ஒவ்வொருவருக்காகத் தீர்க்க முடியாது, நாடாளுமன்றம்தான் தீர்க்க வேண்டும். 2019இல் அது குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளின் பெயரும் அதில் இருக்கின்றன. இலங்கையின் பெயர் இல்லை.