மின்சாரத்துக்காகக் கட்டிய ஏரிகள்

போடியிலிருந்து மலையேறி, போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் என்று வளைந்து வளைந்து மூணாறு சேர்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடிமாலிச் சாலையில் இன்னும் எட்டு கிலோமீட்டர் இறங்கினால் பள்ளிவாசல். நான் அறை எடுத்தது அங்கேதான். மூணாற்றின் ஏரிகளையும் பூங்காக்களையும் பார்க்க நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. அந்த ஏரிகள் பிறந்ததே இந்த ஊரின் பவர் ஹவுஸுக்காகத்தான்.

1940-இல், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில், திருவிதாங்கூர் சமஸ்தானம் இங்கே தன் முதல் நீர்மின் நிலையத்தை ஓடவிட்டது. மலைச்சரிவில் மேலிருந்து கீழாக ராட்சசக் குழாய்கள் இறங்குகின்றன. பென்ஸ்டாக் பைப் என்று ஊரில் சொல்கிறார்கள். மூணாற்றுக்குக் கீழே ஹெட்வொர்க்ஸ் அணையில் முதிரப்புழையாற்றை மறித்து, சுரங்கத்தில் திருப்பி, அந்தக் குழாய்கள் வழியாகத் தள்ளினால் கீழே டர்பைன் சுழலும். மழைக்காலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. கோடையில் என்ன செய்வது? அதற்காகத்தான் மேலே 1946-இல் குண்டளை அணையும், 1953-இல் மாட்டுப்பட்டி அணையும் வந்தன. பருவமழையைப் பிடித்துவைத்து, வேண்டும்போது திறந்துவிட்டால் ஆறு அதைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். பள்ளிவாசலில் வேலை முடிந்த தண்ணீரையும் சும்மா விடுவதில்லை. பம்ப் வைத்துச் செங்குளம் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, வெள்ளத்தூவலில் இன்னொரு முறை மின்சாரம் எடுக்கிறார்கள். இவ்வளவு சிக்கனமாகத் தண்ணீரைப் பயன்படுத்தும் ஏற்பாட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது.

குண்டளை, மாட்டுப்பட்டி, செங்குளம் என்ற இந்த மூன்று நீர்த்தேக்கங்களிலும் இன்று படகு ஓடுகிறது. மின்வாரியமே ஹைடல் டூரிசம் என்று தனியாக ஒரு பிரிவு வைத்து நடத்துகிறது. மாட்டுப்பட்டிக்குக் காலையிலேயே போய்விட்டேன். அப்படியும் அணைக்கு அரை கிலோமீட்டர் முன்பே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அணையை ஒட்டி மாங்காய்க் கீற்று, அவித்த சோளம், வீட்டுச் சாக்லேட், பாப்கார்ன் என்று கடைகள். தண்ணீரில் ஸ்பீடு போட்டுகளின் இரைச்சல். ஐந்து பேர் ஏறுவதும், ஒரு சுற்று சுற்றுவதும், இறங்குவதும், அடுத்த ஐந்து பேர் ஏறுவதும் மாலைவரை நடக்கும். அத்தனை பெரிய ஏரியின் கரையில் காலாற நடக்க ஒரு பாதை இல்லை.

கொடைக்கானலைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே உறுத்தும். 1863-இல் வெரே ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரியைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது. காசில்லாதவரும் காலை முழுக்க அதில் நடக்கலாம். மாட்டுப்பட்டியிலும் அப்படி ஒன்று போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் இங்கே எதிர்க்கரைப் புல்வெளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாலே விடை கிடைத்துவிடும். அந்தப் பக்கம் இந்தோ–சுவிஸ் கால்நடைத் திட்டத்துக்காக 1960-களில் வளர்த்த புல்வெளிகள் உண்டு. யானைகள் கூட்டமாக இறங்கிவந்து மேய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் கரை அது. அங்கே நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, கடைக்கு இடம் கொடுத்தால் யானைகள் எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும். ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கின்றன. படையப்பா என்று ஊரே பெயர் வைத்திருக்கும் கொம்பன், கல்லாறில் உள்ள பஞ்சாயத்தின் குப்பைக் கிடங்குவரை வந்து நம் எச்சிலைத் தின்று போயிருக்கிறது. ஆகவே மாட்டுப்பட்டியின் அக்கரை அப்படியே கிடக்கட்டும்.

குண்டளை பரவாயில்லை. டாப் ஸ்டேஷன் போகும் வழியில் இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பதால் கூட்டம் வடிந்துவிடுகிறது. பெடல் போட்டும் காஷ்மீர் ஷிகாராவும் இருப்பதால் இரைச்சலும் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பூங்கா என்றால், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாட்டைப் பார்க்கலாம். குட்டி ஈனும் பருவத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

இதெல்லாம் வந்துபோகிறவர்களுக்கு. மூணாற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பொழுதுபோக எந்த இடம் இருக்கிறது என்ற கேள்வி பயணம் முழுக்க என்னோடு வந்தது. பள்ளிவாசல் டீக்கடையில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். மூன்று தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். “போட்டுல போயிருக்கீங்களாம்மா?” என்று கேட்டேன். “அது உங்கள மாதிரி வர்றவங்களுக்குத் தம்பி. நாங்க நாலு பேரு ஏறுனா ஒரு நாள் சம்பளம் போயிரும். ஞாயித்துக்கிழம துணி தொவைக்க ஆத்துக்குப் போவோம், பிள்ளைக குளிக்கும். பெறவு கிரவுண்டுல பந்து வெளையாடுதத வேடிக்க பாப்போம்” என்றார்.

அவர் சொன்ன பந்து விளையாட்டு இந்த மலையின் உயிர்களில் ஒன்று. பழைய மூணாறு மைதானத்தில் எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும் ஃபின்லே ஷீல்டு கால்பந்துப் போட்டிக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் காலியாகும். மாட்டுப்பட்டியின் எல்லாப் படகுகளையும்விட அந்தப் புல்தரை இந்த மக்களுக்குப் பெரிது.

போதிய பொது இடம் இல்லாத ஊரில் மக்கள் எங்கே கூடுவார்கள் என்பதற்கு 2015 செப்டம்பர் ஒரு சாட்சி. கூலியும் போனஸும் கேட்டுத் தோட்டத் தொழிலாளிப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், பெண்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்டு மூணாறு நகரின் நடுச்சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில் வந்தவர்களுக்கு அந்த ஊரில் கிடைத்த இடம் சாலைதான்.

மூணாறில் சமதரை என்று இருப்பது ஆற்றோரம் மட்டுமே. முதிரப்புழையும் நல்லதண்ணியும் குண்டளையும் சேரும் அந்தத் துண்டு நிலத்துக்குத்தான் கட்டடங்களும் போட்டிபோடுகின்றன. ஆறு அதை இரண்டு முறை தன்னுடையது என்று காட்டிவிட்டது. 1924 வெள்ளம் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைத் துடைத்துக்கொண்டு போனது. பிறகு அது ஓடவே இல்லை. பழைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். 2018 ஆகஸ்டில் பழைய மூணாறு மறுபடி முங்கியது. பள்ளிவாசல் சரிவில் மண் சரிந்து, விடுதிகளுக்குப் போகும் வழி அடைபட்டது.

வெள்ளம் ஏறினால் கட்டடம் இடியும், ஆட்கள் சாவார்கள். மைதானத்திலும் பூங்காவிலும் வெள்ளம் ஏறினால் சேறுதான் மிஞ்சும், வாரிப் போட்டுவிடலாம். அந்த ஆற்றோரத்தைக் கட்டணமில்லாத திறந்தவெளியாக வைத்துக்கொள்வதுதான் இந்த ஊருக்கு ஏற்ற பூங்கா என்று நினைக்கிறேன். மரநிழல், நான்கு பெஞ்சு, பிள்ளைகள் ஓட இடம், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, இவ்வளவு போதும். படகுக்கும் பூங்காவுக்கும் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் மின்வாரியத்துக்கோ பஞ்சாயத்துக்கோ அது பெரிய சுமையாக இராது. அந்த மலையில் நாலைந்து தலைமுறையாக உழைத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சம் இது.

கோடை விடுமுறைக்கு மூணாறு போகத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகில் ஏறுங்கள், தவறில்லை. ஆனால் அரை நாளாவது பள்ளிவாசலுக்கு ஒதுக்கி, ஆற்றுக்காடு அருவிவரை நடந்து போய் வாருங்கள். தண்ணீரை வீட்டுப் பாட்டிலில் கொண்டுபோங்கள். தின்ற பொட்டலத்தின் காகிதத்தைத் திரும்ப உங்கள் பைக்குள்ளேயே போட்டுக் கீழே கொண்டுவாருங்கள். நீங்கள் அங்கே விட்டுவரும் குப்பை கல்லாறுக்குத்தான் போகும். யானை அங்கேயும் வரும்.