நடுவில் விழும் பள்ளம்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருக்கும் என் பட்டறையின் சாவியை இந்த மாதத்தோடு அக்கா மகன் கையில் கொடுத்துவிட்டேன். 1981-இல், 14 வயதில் ஸ்பேனர் பிடித்த கை இது. வலது தோள்பட்டை இப்போது சென்டர் ஸ்டாண்டு போடவே மறுக்கிறது. விலகுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடைசி வாரத்தில் ஒரு பையன் சொன்ன வார்த்தை நெஞ்சிலேயே நிற்கிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற பையன். ஜவ்வாது மலைக்கு நாலைந்து பேராகக் கிளம்பி வந்திருந்தார்கள். அவனுடையது புது அட்வெஞ்சர் வண்டி, 22,000 கிலோமீட்டர் ஓடியது. எண்பதைத் தாண்டினால் ஹேண்டில் நேராக நிற்காமல் இடமும் வலமும் அலைகிறது என்றான். இதற்கு முன்பே இரண்டு இடத்தில் காட்டி டயர் மாற்றி, வீல் பேலன்ஸ் பார்த்து, ஸ்கேனர் மாட்டியும் பார்த்திருக்கிறார்கள். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. நான் வண்டியின் கழுத்துப் பக்கம் குனிந்ததும், "மாஸ்டர், இது புல்லட் இல்ல. கம்ப்யூட்டர் இல்லாம கை வைக்காதீங்க" என்றான்.

பதில் பேசவில்லை. இன்ஜினுக்கு அடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். ஹேண்டிலை ஒரு விரலால் இடப்பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்தது, சரியாக நடுவில் வந்ததும் குழிக்குள் விழுந்த கோலி மாதிரி நின்றுவிட்டது. வலப்பக்கத்திலிருந்து தள்ளினாலும் அதே இடத்தில் நின்றது. "நீயே தொட்டுப் பாருப்பா" என்றேன். இரண்டு தடவை தள்ளிப் பார்த்தான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பற்றி அவன் பேசவில்லை.

கழுத்துக்குள் இருக்கும் கோன் செட் பேரிங் பற்றி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கையால் படிப்பது எப்படி என்று யாரும் இப்போது கற்றுக்கொள்வதில்லை. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது என் வாத்தியார்.

மெட்ராஸ் ஜி.பி. ரோட்டில் பல வருஷம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, போளூர் ரோட்டில் ஓலைக் கொட்டகை போட்டவர் அவர். திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கி அங்கே செய்த புல்லட்டுகளின் ஒவ்வொரு மரையும் அவருக்கு மனப்பாடம். ரமணாசிரமத்துப் பக்கம் மாசக்கணக்கில் தங்கும் வெள்ளைக்காரர்கள் புல்லட்டோடு அவரைத் தேடித்தான் வருவார்கள். முதல் ஆறு மாசம் எனக்கு ஸ்பேனரே தரவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டில் பேரிங் குண்டுகளைக் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, புள்ளி விழுந்ததைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதுதான் வேலை.

பிறகு ஒருநாள் ஒரு புல்லட்டின் கோனை என்னைக் கட்டச் சொன்னார். துளி ஆட்டம் இருக்கக் கூடாது என்று நன்றாக இறுக்கிவிட்டு, "ஆட்டமே இல்ல வாத்தியாரே" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு அடிஅண்ணாமலை வரைக்கும் போய் வரச் சொன்னார். ஆள் நடமாட்டத்துக்கு நடுவே மெதுவாகப் போகும்போது வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் போகவே முடியவில்லை, குடித்தவன் ஓட்டுகிற மாதிரி இந்த ஓரமும் அந்த ஓரமும் போனது. திரும்பி வந்ததும் அவர் நட்டை அரைக்கால் சுற்று தளர்த்திவிட்டு, மறுபடியும் போகச் சொன்னார். இந்த முறை நான் பிடித்திருக்கிறேனா என்றே தெரியாமல் வண்டி போனது. "வண்டி தானா நேரா போவணும்டா. நீ போவ வைக்கக் கூடாது" என்றார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு வாக்கியத்தில்தான் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

பழைய புல்லட்டின் முன் சக்கரம் 19 இன்ச், ஃபோர்க் குட்டை. பிறகு மலைப் பாதைக்கும் ஏற்ற வண்டிகள் வரத் தொடங்கின. 2011-இல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. 2016-இல் நம் ஒரகடம் பக்கத்திலிருந்தே ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தது. 21 இன்ச் முன் சக்கரம், 200 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் ஃபோர்க். 2019-இல் எக்ஸ்பல்ஸ், 2020-இல் கேடிஎம் 390 அட்வெஞ்சர். தார் ரோடும் மலைப் பாதையும் ஒரே வண்டியில் ஓட வேண்டும் என்று கேட்டால் ஃபோர்க் நீளமாகத்தான் இருக்க வேண்டும். நீளமான கடப்பாரையால் நெம்புகிற மாதிரி, கீழே சக்கரம் கல்லில் மோதும் ஒவ்வொரு அடியும் பெருகி மேலே கழுத்தில் இறங்குகிறது. நேர் ரோட்டில் ஹேண்டில் திரும்புவதே இல்லை. குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அடிவாங்குகின்றன. கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது, கப்பில் நடுவே பள்ளம் விழுகிறது. திரும்பும்போது வழவழப்பு, நேராகப் போகும்போது பள்ளம். வண்டி பள்ளத்தில் உட்காருவதும் எழுவதுமாக இருக்கும்; ஓட்டுகிறவன் டயரைச் சந்தேகப்படுவான்.

எந்த கம்பெனி வண்டியானாலும் குண்டு கோனை எடுத்துவிட்டு டேப்பர் ரோலர் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். குண்டு ஒரு புள்ளியில் தொடும், ரோலர் ஒரு கோட்டில் தொடும். அதே அடி பரவிப் போய்விடும்.

போடுவதில்தான் வித்தை இருக்கிறது. கழுத்துக்குள் இருக்கும் கீழ்க் கப் பன்ச்சுக்குப் பிடி கொடுக்காது. உளியால் குத்தினால் கழுத்துக் குழாயிலேயே கோடு விழும். நான் செய்வது இது: பேட்டரி ஒயரையும் ஈசியூ கனெக்டரையும் முதலில் கழற்றிவிடுவேன். கப்பின் உள்வட்டத்தில் ஒரு சுற்று வெல்டிங் வைத்துவிட்டு ஆற விடுவேன். வெல்டிங் ஆறும்போது சுருங்கும், கப்பையும் சேர்த்துச் சுருக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கப் தானாக விழுந்துவிடும். புதுக் கப்பை முந்தின ராத்திரியே பக்கத்து ஐஸ்கிரீம் கடை ஃப்ரீஸரில் வைத்துவிடுவேன். குளிரில் சுருங்கிய கப், வெயிலில் நின்ற கழுத்துக்குள் இரண்டு தட்டில் போய் உட்காரும். எடுத்த பழைய கப்பில் ஒரு வெட்டுப் போட்டு, புதுக் கப்பைத் தட்டி இறக்க அதையே வைத்துக்கொள்வேன். பிறகு நட்டை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஐந்தாறு தடவை திருப்பி ரோலரை உட்கார வைத்து, முழுசாகத் தளர்த்தி, மறுபடியும் விரலுக்குச் சரியாக வரும்வரை கொண்டுவர வேண்டும். நடுவில் விட்டால் ஹேண்டில் தன் பாரத்தில் மெல்லச் சாய்ந்து ஓரத்துக்குப் போக வேண்டும். தொப்பென்று விழவும் கூடாது, பாதியில் நிற்கவும் கூடாது. 500 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை திரும்பக் கொண்டுவரச் சொல்வேன். பத்தில் எட்டு பேர் வருவதில்லை.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலை. ஆனால் வண்டியின் ஆயுசு அங்கேதான் இருக்கிறது. டேப்பெட்டை இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியபின்தான் பார்க்க வேண்டும். ஹிமாலயன் 411-இல் திருகும் லாக் நட்டும் இருப்பதால் ஃபீலர் கேஜ் தெரிந்தவன் முடித்துவிடலாம். 390-இல் ஷிம் கணக்குப் போட்டு மாற்ற வேண்டும். டேப்பெட் கொஞ்சம் சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். சத்தமே இல்லாமல் இறுகிப் போன டேப்பெட்தான் வால்வை எரிக்கும். ஆனால் "சத்தம் வருது, டைட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்பவர்களும், கேட்டபடி செய்து கொடுப்பவர்களும் பெருகிவிட்டார்கள்.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய தெருக்களில் அரைக் கிளட்சில் ஊர்ந்த வண்டியை மறுநாள் கொண்டுவருவார்கள். ஆயிலை விரலில் தொட்டு மோந்தாலே பிளேட் கருகியது தெரியும். கேபிளில் துளி ஆட்டம் விட்டிருந்தால் அந்த பிளேட் பிழைத்திருக்கும். மலையில் ஓடை தாண்டி வந்தவர்கள் ஏர் ஃபில்டரைத் திறந்தே பார்ப்பதில்லை. சேறு போக வேண்டுமென்று பிரஷர் வாட்டர் வாஷ் அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் கழுத்திலும் பின் ஷாக் லிங்க்கிலும் புகுந்து கிரீஸை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே துருவை விட்டுவிட்டுப் போகிறது. வெளியே பளபளக்கும் எத்தனையோ வண்டிகளின் லிங்க் போல்ட்டை நான் சுத்தியால் அடித்துத்தான் எடுத்திருக்கிறேன்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தினமும் ஏறி இறங்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். அவருடைய ஹிமாலயன் 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்றுவரை ஹெட் கழற்றவில்லை. அவர் வண்டியில் கூடுதல் லைட் இல்லை, பெட்டி இல்லை. சீட்டுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. என்று ஆயில் மாற்றியது, என்று டேப்பெட் பார்த்தது, என்று ரிம்முக்குக் கோட்டம் எடுத்தது என்று எல்லாம் அதில் தேதி போட்டு இருக்கும். டேப்பெட் பார்க்க முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போவார். நான் கேட்டு அவர் மறுத்த வேலை ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பக்கம், முப்பதாயிரம் ரூபாய்க்குக் கம்பியும் லைட்டும் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள், கழுத்தைப் பிரித்து கிரீஸ் வைக்கக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். வெளியே தெரியாத வேலைக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வருவதில்லை. அவர்களைப் பார்த்துத்தான் பட்டறைப் பையன்களும் மாறிவிட்டார்கள். கையால் நாலு மரை ஏற்றிவிட்டு ஸ்பேனர் போட வேண்டிய அலுமினிய ஹெட்டில் எடுத்த எடுப்பில் இம்பாக்ட் கன் போடுகிறார்கள். மரை அடிபட்டால் வண்டிக்காரனிடம் சொல்லாமல் பேஸ்ட் தடவி அனுப்புகிறார்கள். எது கெட்டது என்று தேடாமல் சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றி பில் போடுகிறார்கள். பார்ட்டு மாற்றுகிறவன் மெக்கானிக் ஆகிவிட முடியாது.

ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் பிஎஸ்-6 வந்தபின் அது இல்லாமல் பட்டறை நடத்த முடியாது. அக்கா மகன் நல்லதாக ஒன்று வாங்கியிருக்கிறான், வாங்கச் சொன்னதே நான்தான். சென்சார் கெட்டால் அது சொல்லும். கழுத்தில் விழுந்த பள்ளத்தையும், காய்ந்த கிரீஸையும், அளவுக்கு மேல் இறுகிய நட்டையும் சொல்ல வண்டியில் எந்த சென்சாரும் இல்லை. அதற்கு இன்னும் விரல்தான் வேண்டும். அந்த விரல் ஆறு மாசம் குண்டு கழுவாமல் வராது. சாவி கொடுக்கும்போது அவனிடம் நான் வாங்கிய சத்தியம் ஒன்றே ஒன்று: புதிதாக வரும் பையனுக்கு முதலில் மண்ணெண்ணெய்த் தட்டைக் கொடு, கன்னை அப்புறம் கொடு.

வண்டி வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, மலைக்கோ லடாக்குக்கோ கிளம்புவதற்கு முந்தின நாள் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள். நடுவில் வந்து நின்றால், அன்றைக்குக் கிளம்பாதீர்கள்.