‘முடியாது’ என்று சொன்ன சிப்பாய்

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. அப்படி ஓர் ஊரில் இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் நிலக்கடலையும் நெல்லும் மாற்றி மாற்றிப் பயிர் செய்கிறார், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர். ஊரில் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ‘மிலிட்டரிக்காரர்’ என்றால்தான் தெரியும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றும் காலை ஐந்து மணிக்கு வரப்பில் நிற்பார்.

போன பட்டத்தில் கடலையில் சுருள்பூச்சி தென்பட்டது. வயலில் ஆறு பெண்கள் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பகல் பதினொன்றரை மணி, நல்ல காற்று. மகனைக் கூப்பிட்டு, "டேங்க்கை மாட்டு, இப்பவே மருந்தடிச்சிடலாம்" என்றார்.

"முடியாதுப்பா. நான் அடிக்க மாட்டேன்" என்றான் மகன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

களைக்கொத்துகள் நின்றுவிட்டன. மிலிட்டரிக்காரர் என்ன செய்யப்போகிறாரோ என்று பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது உண்மை. ஆனால் குரல் ஏறவில்லை. "சரி, டேங்க்கை இறக்கி வை. பம்பு செட்டாண்ட வா, பேசலாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

இந்தப் பொறுமை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. பட்டாளத்தில், ஒரு சிப்பாயின் கடலைக் காட்டை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இரவு இரண்டு மணி காவல்

1990களின் நடுப்பகுதி. காஷ்மீரில் மலைமேல் ஒரு காவல் முகாம். அவர் அப்போது பிளாட்டூன் ஹவில்தார். பிளாட்டூன் என்பது முப்பது பேருக்கு மேற்பட்ட பிரிவு. அதற்குத் தலைவர் ஒரு சுபேதார். சிப்பாய்களின் காவல் முறை, சாப்பாடு, லீவு மனு எல்லாம் ஹவில்தார் கை வழியாகத்தான் சுபேதாருக்குப் போகும்.

அக்டோபர் மாதம், குளிர் இறங்கத் தொடங்கியிருந்தது. மாலை ரோல் காலில் எல்லோரும் வரிசையில் நிற்க, ஹவில்தார் இரவுக் காவல் பட்டியலை வாசித்தார். இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்று ஒரு சிப்பாயின் பெயர் வந்தது. தருமபுரிப் பக்கத்துப் பையன், வயது இருபத்தொன்று.

"நான் போக மாட்டேன். என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க" என்றான் அவன்.

பட்டாளத்தில் இந்த வார்த்தை சின்ன வார்த்தையல்ல. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 41ஆவது பிரிவின்படி, மேலதிகாரி நேரில் கொடுத்த சட்டப்படியான உத்தரவை வேண்டுமென்றே மீறினால் ராணுவ நீதிமன்றம் 14 ஆண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். முப்பது பேர் பார்க்க ஒருவன் முடியாது என்கிறான். அதை விட்டுவிட்டால் நாளைக்கு இன்னொருவன் சொல்வான். காவலுக்கு ஆள் நிற்காத இரவில் தூங்குகிறவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு?

ஹவில்தாருக்கு ரத்தம் தலைக்கேறியது. இரண்டு எட்டு வைத்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். இன்னொரு கை ஓங்கியே விட்டது.

"ஹவில்தார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுபேதார் நின்றிருந்தார். திருநெல்வேலிக்காரர். கத்தவில்லை, கூப்பிட்டார், அவ்வளவுதான். ஓங்கிய கை இறங்கியது.

அந்தக் கை விழுந்திருந்தால் கதை வேறு. அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு, தனக்குக் கீழே உள்ளவனை அடிக்கிற அல்லது கொடுமைப்படுத்துகிற மேலாளுக்கு 7 ஆண்டு வரை சிறை என்கிறது. அடி வாங்கிய பையன் திருப்பி அடித்திருந்தால், 40ஆவது பிரிவின்படி அவன் வாழ்க்கையும் முடிந்திருக்கும். ஒரு நொடியில் இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும்.

சுபேதார் செய்தது

சுபேதார் முதலில் காரணம் கேட்கவில்லை. "ரைஃபிளைக் கோத்தில் வச்சிட்டு லங்கருக்குப் போ. சூடா டீ குடி" என்றார் பையனிடம். கோத் என்றால் ஆயுதம் வைக்கும் இடம், லங்கர் என்றால் சமையற்கூடம். அவனோடு ஜோடியாக இருக்கும் சிப்பாயையும் கூடவே அனுப்பினார். மனசு கொதிக்கிறவன் கையில் தோட்டாவும் இருக்கக் கூடாது, அவன் தனியாகவும் இருக்கக் கூடாது. மற்றவர்களைப் பார்த்து, "ரோல் கால் முடிஞ்சுது, போங்க" என்றார். வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

அரை மணி கழித்துப் பையனைத் தன் பதுங்கு அறைக்கு அழைத்தார். சாட்சிக்கு ஒரு நாயக். ஹவில்தாரும் இருந்தார்.

"உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்ல சாப்."

"காவல் முறை எத்தனை மணின்னு வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சாப்."

"அப்ப எதுக்குடே போக மாட்டேன்னே?"

பையன் சட்டைப் பையிலிருந்து ஓர் இன்லேண்ட் கடிதத்தை எடுத்து நீட்டினான். ‘56 ஏ.பி.ஓ.’ முகவரிக்கு வந்த கடிதம், மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. அப்பா மாட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் கடலை முற்றி நிற்கிறது. பிடுங்க ஆள் கிடைக்கவில்லை, மழை கட்டுகிறது, முடிந்தால் வா என்று தங்கை எழுதியிருந்தாள்.

கடலை போடுகிறவர்களுக்கு அந்தக் கடிதத்தின் அவசரம் புரியும். கொத்துக் கடலை ரகங்களின் விதைக்கு உறக்கக் காலம் இல்லை. முற்றியபின் மழை பெய்து மண் ஈரமானால், செடியிலேயே, மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ஒரு வாரம் தவறினால் ஒரு பட்டத்துப் பாடு போச்சு.

"லீவு கேட்டியா?"

பையன் ஹவில்தாரைப் பார்த்தான், பேசவில்லை.

"இவன் மனு எங்க கெடக்கு ஹவில்தார்?" என்றார் சுபேதார்.

மனு ஹவில்தாரின் கோட்டுப் பையில் இருந்தது. பன்னிரண்டு நாளாக இருந்தது. நான்கு பேர் ஏற்கெனவே லீவில் போயிருந்தார்கள். ஆள் குறைச்சல், அவர்கள் திரும்பட்டும், பிறகு மேலே அனுப்பலாம் என்று வைத்தவர் அப்படியே மறந்துபோனார். ஆள் குறைந்ததால் அதே பையனுக்குத் தொடர்ந்து மூன்றாவது இரவாக நடுச்சாமக் காவலும் போட்டிருந்தார்.

சுபேதார் ஹவில்தாரை அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பையனிடம் திரும்பினார். "உன் கஷ்டம் வேற, உத்தரவு வேற. கஷ்டத்தை நான் சொமக்கேன். உத்தரவை நீதான் சொமக்கணும். இப்பத் திரும்பச் சொல்லுதேன், காவலுக்குப் போகணும்னா போவியா, மாட்டியா?"

"போறேன் சாப்" என்றான் பையன். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்கு வேண்டாம். நாளைலேருந்து நில்லு" என்று அனுப்பிவிட்டார்.

பிறகு ஹவில்தாரிடம், "அந்த ரெண்டு மணிக் காவலை இன்னிக்கு நீ நில்லுடே" என்றார்.

ஒரு ஹவில்தார் சிப்பாயின் முறையில் காவல் நிற்பது அவமானம் என்று அன்றைக்கு அவருக்குப் பட்டது. ஆனால் நின்றார். அந்தக் குளிரில் மூன்றாவது இரவாக நிற்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க இரண்டு மணி நேரம் இருந்தது.

பேஷி

இத்துடன் விட்டுவிடலாமே என்று மறுநாள் ஹவில்தாரே கேட்டார். சுபேதார் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள். காரணம் இருந்தால் மறுக்கலாம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டால், காரணம் இல்லாத ஆளே உலகத்தில் கிடையாது. குற்றம் மேலே போகத்தான் வேண்டும்.

ஹவில்தார் அறிக்கை எழுதினார். ‘திமிராக நடந்துகொண்டான், மரியாதை இல்லை’ என்று தொடங்கியிருந்தார். சுபேதார் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒனக்கு என்ன தோணுச்சுன்னு எழுதாத. அவன் என்ன சொன்னான், எத்தனை மணிக்கு, யார் யார் முன்னால, அதை மட்டும் எழுது."

நான்கு நாள் கழித்து பட்டாலியன் தலைமையிடத்தில் பேஷி, அதாவது கர்னல் முன்னால் விசாரணை. தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் பையனை நடத்திக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே குற்றம் சாட்டப்பட்டவன் முன்னாலேயே சாட்சிகள் பேச வேண்டும். அவன் அவர்களைக் கேள்வி கேட்கலாம். பையன் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மனுவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா?" என்று கர்னல் ஹவில்தாரைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். நாயப் சுபேதார் பதவி உயர்வுக்கு அவர் பெயர் வரவேண்டிய காலம் அது. வாய் உலர்ந்துவிட்டது என்று இப்போதும் சொல்வார். பிறகு, "இவன் லீவு மனு பன்னிரண்டு நாள் என் பையில் கிடந்தது சார். நான் மேலே அனுப்பவில்லை" என்றார்.

ராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், 80ஆவது பிரிவின்படி கர்னலே 28 நாள் வரை தண்டனை கொடுக்க முடியும். பையனுக்குக் கிடைத்தது, ஏழு நாள் லைனை விட்டு வெளியே போகத் தடை. தண்டனை முடிந்த அன்றே லீவும் எழுதிக் கொடுத்தார். ஹவில்தாரைத் தனியே நிறுத்தி அவர் சொன்ன வார்த்தைகள் இன்றுவரை வெளியே வந்ததில்லை.

பையன் ஜம்முவில் ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதிக் காடு முளைத்துவிட்டது. மீதியைத்தான் பிடுங்க முடிந்தது. முதல் நாளே மனு மேலே போயிருந்தால் முழுக் காடும் களத்துக்கு வந்திருக்கும். திரும்பி வந்தவன் இதை ஒரு புகாராகச் சொல்லவில்லை. லங்கரில் யாரோ கேட்டபோது சொன்னது ஹவில்தார் காதில் விழுந்தது.

அதன்பிறகு எந்த மனுவும் அவர் பையில் ஓர் இரவு தங்கியதில்லை. பையன் பிற்பாடு நாயக் ஆனான். இன்றும் பொங்கலுக்குப் போன் செய்கிறான். ஹவில்தார் 24 ஆண்டு பணி முடித்து, நாயப் சுபேதார் ஆகாமலே ஊர் திரும்பினார். அன்று சொன்ன வார்த்தைதான் காரணமா என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

பம்பு செட்டுப் பேச்சு

பம்பு செட்டில் மகன் சொன்ன காரணம் இதுதான். போன முறை இதே மாதிரி உச்சி வெயிலில், எதிர்க்காற்றில் மருந்தடித்துவிட்டு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்திருக்கிறான். திட்டுவார் என்று பயந்து அப்பாவிடம் சொல்லவில்லை. முகத்துக்குக் கவசமும் இல்லை, கைக்கு உறையும் இல்லை.

மகன் சொன்னது சரி. பூச்சிமருந்தைக் காலையிலோ மாலையிலோ, காற்று அடங்கிய நேரத்தில், காற்று போகும் திசையிலேயே அடிக்க வேண்டும். அதுவும் களையெடுப்பவர்கள் வயலை விட்டு வெளியேறிய பிறகுதான். பட்டாளத்திலேயே ‘சட்டப்படியான உத்தரவு’க்குத்தான் கீழ்ப்படியச் சொல்கிறார்கள். தப்பான உத்தரவை இட்டவர் அப்பா என்பதால் அது சரியாகிவிடாது. மிலிட்டரிக்காரர் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் கவசமும் கையுறையும் வாங்கி வந்தார். மறுநாள் விடிந்ததும் மருந்தடித்தார்கள்.

ஆனால் மகனிடம் ஒன்றையும் சொன்னார். "நீ சொன்னது நியாயம். ஆறு பேர் முன்னாடி சொன்னது நியாயமில்ல. அடுத்த தபா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லு. நானும் உன்னைத் தனியா கூப்பிட்டுத்தான் கேப்பேன்."

பேச்சு கேட்காத மகனோ, வேலைக்காரரோ, சிப்பாயோ, எல்லோருக்கும் அவர் வைத்திருக்கும் முறை ஒன்றுதான். முதலில் கூட்டத்தைக் கலைக்க வேண்டும். கையில் ஆபத்தான பொருள் இருந்தால் இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும். சொன்னது புரிந்ததா, உடம்பு முடியவில்லையா, மனம் இல்லையா என்று மூன்றையும் பிரித்துக் கேட்க வேண்டும். தன் பையில் ஏதாவது மனு கிடக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் தப்பு அவன்மேல்தான் என்றால், தண்டனையை அளவோடு கொடுத்து அதோடு முடித்துவிட வேண்டும்.

பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கும் அவர் ஒன்று சொல்வார். வீட்டில் அவசரம் என்றால் பையனுக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயர்தான் ‘முன்னாள்’, பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போகலாம். மருத்துவர் சீட்டையும் பையனின் படை எண், பட்டாலியன் விவரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். பையனிடமும் சொல்லி வையுங்கள்: மனு நகரவில்லை என்றால் அடுத்த மேலதிகாரியிடம் முறையிடச் சட்டத்தின் 26ஆவது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது. ரோல் காலில் ‘முடியாது’ என்று சொல்ல மட்டும் எந்தப் பிரிவும் உரிமை கொடுக்கவில்லை.