சிப்பாங் தடத்திற்கு ஒரு மகிழுந்து



தமிழ் சொல்லிக்கொடுப்பவனுக்குப் பந்தயத் தடத்தில் என்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். 2025 பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அன்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மையார் என்னை வழிமறித்தார். என்னிடம் இரண்டாம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார். கணவர் மறைந்த பிறகு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து, ஒரே மகனைத் தனியாளாக வளர்த்தவர். தம் கைப்பேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினார். துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே, தடுப்பில் மோதிச் சுழன்று நிற்கும் காட்சி. அந்த வாரம் அது வந்து சேராத தமிழ்ப் புலனக் குழுவே இருந்திருக்காது.

"அவரு காயமில்லாம எறங்கிட்டாரு ஐயா. இவனும் சிப்பாங்குல ஓட்டப் போறேன்னு கார் பாத்துக்கிட்டு இருக்கான். ஒன்பது வருசக் கடன். நீங்க சொன்னா கேப்பான்."

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்னதைக் கேட்டான் என்பது உண்மைதான். அதுவும் எல்லாவற்றையும் அல்ல! 2005இல் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் சேர்ந்து, பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அந்த ஆண்டு மார்ச்சில் சிப்பாங்கில் 11ஆம் இடத்தில் முடித்தார். மறுநாள் நாளிதழிலிருந்து வெட்டிய அவருடைய படத்தை இவன் தன் கட்டுரை ஏட்டில், 'என் குடும்பம்' என்ற தலைப்பின் கீழே ஒட்டி வந்தான். நான் அதைக் கிழித்தெறியவில்லை. அதற்கு மேல் பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை.

மறுவாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலை உணவகத்தில் சந்தித்தோம். இப்போது கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறான். நல்ல வருமானம். வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவோடுதான் நான் போயிருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் தம்பி 1994இல் இறந்தான். ஷா ஆலாமின் பத்து தீகா ஓடுபாதையில் அந்நாளில் பந்தயம் நடந்தால் வேலிக்கு வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வருவான். பார்த்ததை அருகிலேயே ஓடிய கூட்டரசு நெடுஞ்சாலையில், இரவு நேரத்தில், மோட்டார் சைக்கிளில் செய்து பார்ப்பான். அப்படியொரு இரவில்தான் போனான். இப்போது அந்த ஓடுபாதையும் இல்லை.

இதை அவனிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "ஐயா, நானும் ராத்திரியில நெடுஞ்சாலையில ஓட்டியிருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது. அத விடணும்னுதான் சிப்பாங்குக்குப் போறேன்னு சொல்றேன்" என்றான். அந்த ஒரு வாக்கியம் என் தீர்ப்பைக் கவிழ்த்துவிட்டது. தடத்தில் எதிரே லாரி வராது. குறுக்கே நாய் ஓடாது. தலைக்கவசமும் கொடி காட்டும் ஊழியரும் மருத்துவ ஊர்தியும் உண்டு. என் தம்பிக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. எனவே 'வேண்டாம்' என்பதற்குப் பதிலாக, 'எந்த மகிழுந்து?' என்று கேட்டேன்.

அவன் மனத்தில் இருந்தது ஐரோப்பியத் தயாரிப்பு ஒன்று, பெயர் வேண்டாம். பழையது. டர்போ பொருத்தியது, 300 குதிரைத்திறனுக்கு மேல், எடை 1,600 கிலோவைத் தாண்டும். அதே வகையை வைத்திருக்கும் நண்பனோடு ஒருமுறை சிப்பாங்கிற்குப் போயிருக்கிறான். நான்காவது சுற்றில் எஞ்சின் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வலிமையைக் குறைத்துக்கொண்டதாம். அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கியதாம். இதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை 19 முறை பார்முலா 1 அங்கு நடந்தது. இரண்டு நீண்ட நேர்தடங்கள் உள்ளன; ஒவ்வொன்றின் முடிவிலும் கொண்டையூசி போன்ற கூர்வளைவு. அதாவது, முழு வேகத்தில் வந்து வேகத்தைக் கொன்றாக வேண்டும். அந்த வேகம் எங்கே போகிறது? மாணவர்களுக்குச் சொல்வதைத்தான் இவனுக்கும் உணவகத்தின் பற்றுச்சீட்டுக்குப் பின்புறம் எழுதிக் காட்டினேன். 1,300 கிலோ மகிழுந்து மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கும்போது ஏறக்குறைய 17 இலட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. காற்றின் தடை ஒரு பங்கை ஏற்கும். மீதியெல்லாம் நான்கு பிரேக் தட்டுகளில் வெப்பமாகிறது. அறை வெப்பத்தில் உள்ள ஐந்தரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது; நமக்குக் கிடைப்பதோ சில வினாடிகள். மூன்று நிமிடம் கழித்து அதே வளைவு, அதே கணக்கு. எடை கூடினால் ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு.

மிதி பஞ்சானதற்குக் காரணமும் இதுவே. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 தரத்தில் புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதே தரம் கேட்பது வெறும் 155தான். நம் நாட்டு ஈரப்பதத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழ் அமுங்கும், எண்ணெய் அமுங்காது. கால் அழுத்துவது அந்தக் குமிழைத்தான், சக்கரத்தை அல்ல. கடைத்தெருவிற்கு ஓட்டும்போது இது தெரியவே தெரியாது.

எனவே 'உழைக்கும் மகிழுந்து' என்பது தடத்தில் வேறு பொருள் கொள்கிறது. சாலையில் பத்தாண்டு பழுதில்லாமல் ஓடியது, சுற்றுக்குச் சுற்று வெப்பத்தை வெளியேற்றத் தெரியாவிட்டால் இருபது நிமிடம் தாங்காது. சிப்பாங்கின் உச்சிவெயிலில் 33 பாகைக் காற்றை உள்ளிழுக்கும் டர்போவிற்கு, குளிர்நாட்டுக் கையேட்டில் போட்ட எண்கள் பொருந்தா. டர்போவே ஆகாது என்பதில்லை. கூடுதல் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் வெப்பப் பரிமாற்றிக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு சில வாரங்கள் இருவரும் பட்டறை பட்டறையாகத் திரிந்தோம். (என் மனைவி, ஓய்வு பெறும் வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று மகளிடம் முறையிட்டது தனிக்கதை.) போர்ஷே 911 ஜிடி3 போலத் தடத்திற்கென்றே வார்க்கப்பட்டவை உண்டு. பார்த்து மகிழ்ந்துவிட்டு நகர்ந்தோம். ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2007இல் வந்த எஃப்டி2 வகை, அவன் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. டர்போ இல்லாத 2.0 லிட்டர் எஞ்சின், 8,000 சுழற்சியில் 225 குதிரைத்திறன், முன்சக்கரங்களுக்கு பிரெம்போ பிரேக். என் அறிவுக்கு எட்டியவரை நம் தடத்திற்கு அதைவிடப் பொருத்தமான நான்கு கதவு வண்டி இல்லை. ஆனால் அதன் அருமை எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால் விலை இறங்கவே மறுக்கிறது. 2012இல் வந்த டொயோட்டா 86, பின்சக்கர விசை, 200 குதிரைத்திறன். ஓட்டுநருக்கு நல்ல ஆசான் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 ஏறத்தாழ ஒரு டன் எடைதான். நம் புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐயையும் தேடினோம். லோட்டஸ் பொறியியலாளர் கைபட்ட 1.8 லிட்டர் வண்டி. நல்ல நிலையில் உள்ளதைச் சேகரிப்பாளர்கள் விடுவதாயில்லை.

எல்லாம் கடனில்தான் முடியும் என்ற கட்டத்தில், காப்புறுதிப் பத்திரம் ஒன்றை நான் வரிவரியாகப் படித்தேன். ஆசிரியர் தொழிலின் ஒரே பயன் இதுதான் போலும், சிற்றெழுத்தைப் படிக்க அலுப்பதில்லை. நம் நாட்டின் வழக்கமான மோட்டார் காப்புறுதி, பந்தயத்திற்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. தடத்தில் வண்டி சுவரில் மோதினால் இழப்பீடு கிடையாது. வங்கித் தவணை மட்டும் ஒன்பது ஆண்டு வரை வந்துகொண்டேயிருக்கும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இந்தப் பக்கம் சாய்ந்தால் இந்த ஒன்றையாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. கடன் பத்திரத்தில் உத்தரவாதக் கையொப்பமிட அவன் அம்மா பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது எனக்கும் அதுவரை தெரியாது.

"அப்ப என்னால ஓட்டவே முடியாதா ஐயா?"

"நாளைக்கே நொறுங்கினாலும் உன் அம்மா கண்கலங்காமல் இருக்கக்கூடிய விலையில் ஒன்றை வாங்கு" என்றேன். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் அவனிடமிருந்து அழைப்பே இல்லை. பையனை இழந்துவிட்டேன், மறுபடி நெடுஞ்சாலைக்குப் போய்விட்டான் என்றே எண்ணினேன். இரவில் கூட்டரசு நெடுஞ்சாலைப் பக்கமிருந்து எஞ்சின் உறுமும் ஓசை வந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன்.

பிறகு ஒரு மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றது ஒரு பழைய சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். 1.6 லிட்டர், டர்போ இல்லை, கைமுறை கியர், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். முழுத் தொகையும் ரொக்கம். ஐரோப்பிய வண்டிக்கு முன்பணமாகச் சேர்த்ததில் ஒரு பங்கை மிச்சம் பிடித்து, அதில் உயர்வெப்பம் தாங்கும் பிரேக் கட்டைகளும், புதிய பிரேக் எண்ணெயும், நல்ல டயர்களும், தலைக்கவசமும் வாங்கியிருந்தான். அவன் எதிர்பார்த்த அழகு அதில் இல்லைதான். பக்கத்து வீட்டுச் சிறுவன், "இது ரேஸ் காரா?" என்று கேட்டபோது அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

பொதுமக்களுக்கான தட ஓட்ட நாள் ஒன்றில் மூவருமாகச் சிப்பாங்கிற்குப் போனோம். அம்மையார் முருகன் படம் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கூரை நிழலில் கண்ணை மூடியபடியே அமர்ந்திருந்தார். முதற்சுற்று மூன்று நிமிடத்துக்கு மேல். பெரிய வண்டிகள் நேர்தடத்தில் அவனைக் கொசுவைப்போல் கடந்து சென்றன. ஆறாவது சுற்றில் அவற்றில் இரண்டு ஆவி கக்கிக்கொண்டு ஒதுங்கின. இவன் இருபது நிமிடமும் ஓடினான். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி, பிரேக்கை ஆறவைத்துக்கொண்டு வந்து நிறுத்தியவன், கைப்பிரேக்கை இழுக்காமல் சக்கரத்தடியில் ஒரு மரக்கட்டையைச் செருகினான்.

"அது எதுக்குடா?" என்றார் அம்மையார், அப்போதுதான் கண்ணைத் திறந்து.

"சூடா இருக்கும்மா. இப்ப இழுத்தா கட்டையும் தட்டும் ஒட்டிக்கும்."

அவர் குனிந்து அந்த மரக்கட்டையைக் காலால் தட்டி, சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் எலைட் நெடுஞ்சாலையில் இடது தடத்தை விட்டு அவன் விலகவே இல்லை. மணிக்கு 90. பின்னால் வந்த லாரிகூட ஒலிப்பானை அழுத்தியது. ஏனப்பா இவ்வளவு மெதுவாக என்று நானே கேட்டுவிட்டேன்.

"டயர் தேஞ்சிடும் ஐயா. அடுத்த மாசத்துக்கு வேணும்" என்றான்.