தேறும்வரை சோதித்தல்

எர்ணாவூர்ப் பங்கு இளைஞர் ஒருவர் மென்பொருள் சோதிக்கும் பணியிலிருக்கிறார். ஒரே மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் இயங்கவேண்டுமாம். தானியங்கிச் சோதனைகள் இரவெல்லாம் அதனை ஆராய்கின்றன. ஓர் எழுத்தும் மாறாதிருக்க, நேற்றுத் தேறிய சோதனை இன்று தவறுகிறது! விடை வருமுன் அவசரப்பட்டு நோக்குவதும், முந்தைய சோதனை விட்டுச்சென்ற எச்சங்களும் காரணங்களாம். கூகுளிலேயே ஏறத்தாழ 16 விழுக்காடு சோதனைகள் இவ்வாறு தடுமாறியதாக 2016-இல் அறிவித்தனர்.

"மறுபடி ஓட்டினால் தேறிவிடும், சுவாமி. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். ஆபத்து அங்கேதான். அவ்வாறு பழகியவர் மெய்யான பழுதையும் தடுமாற்றமென்றே தள்ளிவிடுவர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் அம்மோனியா கசிய, வீடுகளைவிட்டு ஓடிய நம் மக்களுக்கு, நம்பத்தக்க எச்சரிக்கையின் அருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

தடுமாறும் சோதனைகளை ஒதுக்கி, ஒவ்வொன்றையும் தூய சூழலில் தனித்து ஓட்டிக் காரணம் காணவேண்டும் என்கிறார். அதற்கு நாள் வேண்டும். மேலாளரோ 'தேறியது' என எழுதச் சொல்கிறாராம். அவர் இன்னும் எழுதவில்லை.